நிகழாத வரலாறும் நம் புதினங்களும்

வரலாற்றுப் புதினம் என்றவுடன் தமிழ் வாசகர் உள்ளத்தில் முதலில் எழுவது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அப்பெருங்கதையின் வித்துகளுள் ஒன்று கல்வெட்டிலே கிடக்கிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலியோரைப் பெயர் சுட்டுகிறது. ஏன் கொன்றனர் என்பதைச் சொல்லவில்லை. கல் மௌனமான இடத்தில் கல்கி பேசினார். நந்தினி அம்மௌனத்திலிருந்து பிறந்த கற்பனைப் பாத்திரம்.

கல்வெட்டு பேசாத இடத்தை நிரப்புவது ஒரு வகைப் புனைவு. நிகழ்ந்ததை அறிந்தே மாற்றி, ‘இவ்வாறு நிகழ்ந்திருந்தால்?’ என்று வினவுவது மற்றொரு வகை. முதல் வகையில் நாம் செல்வர். இரண்டாம் வகையில் வறியர். இவ்வறுமையால் நாம் இழப்பது வெறும் பொழுதுபோக்கன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மேல்நாட்டார் இத்துறையில் நெடுநாளாக எழுதி வருகின்றனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் களத்தில் தோற்ற தளபதி லீ வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பொருளாக்கி வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிய கட்டுரை, 1931இல் ஒரு தொகுப்பில் இடம்பெற்றது. ஹாரி டர்ட்டில்டவ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1988இல் எழுதிய ‘தி லாஸ்ட் ஆர்ட்டிகிள்’ என்ற சிறுகதையில், ஹிட்லரின் படை இந்தியாவைக் கைப்பற்றுகிறது, காந்தியடிகள் ஜெர்மானியரை எதிர்த்து அறப்போர் தொடுக்கிறார், சுட்டுக் கொல்லப்படுகிறார். படிக்க நெஞ்சு பொறுக்காத கதைதான். ஆயினும் அறப்போரின் வெற்றிக்கு எதிராளியின் மனச்சான்றும் வேண்டுமோ என்ற வினாவை அது நம்முன் வைக்கிறது. கதை என்று அறிந்தே படிப்பதால் வரலாறு கெடவில்லை, சிந்தனை வளர்கிறது.

இத்தகைய புனைவுக்கு இலக்கணம் உண்டா? முதல் உலகப் போரின் தொடக்கத்தைக் கொண்டே அதனைக் கண்டுகொள்ளலாம். 1914 ஆகஸ்ட் 2ஆம் நாள் மாலை ஜெர்மனி பெல்ஜியத்துக்கு ஓர் இறுதி எச்சரிக்கை விடுத்தது. பிரான்சைத் தாக்கச் செல்லும் படைக்கு வழிவிட வேண்டும்; விடை கூறப் பன்னிரண்டு மணி நேரம். ஆல்பர்ட் மன்னரின் அரசு மறுத்துவிட்டது. 4ஆம் நாள் ஜெர்மன் படை எல்லை கடந்தது. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839ஆம் ஆண்டு உடன்படிக்கையில் உறுதி கூறியிருந்த பிரிட்டன் அன்றிரவே போரில் இறங்கிற்று. அதனோடு, யாரும் கேளாமலே, இந்தியாவும் இறங்கிற்று.

அச்சிறு நாடு ‘செல்லுங்கள்’ என்று ஒதுங்கியிருந்தால்? பிரிட்டிஷ் அமைச்சரவை அப்போது ஒருமனப்பட்டதாக இல்லை. அது மேலும் தயங்கியிருக்கலாம். லியேஜ் கோட்டைகளைத் தகர்க்கச் செலவான நாட்கள் ஜெர்மனிக்கு மிஞ்சியிருக்கும். பெல்ஜியம் வழிவிட்டாலும் பிரான்சுக்காகப் பிரிட்டன் வந்தே தீரும் என்று வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். புனைவாசிரியன் அவர்களுக்கும் விடை கூற வேண்டும். மாற்றுவது ஒரே ஒரு முடிவு; மற்றவை யாவும் தத்தம் இயல்பின்படியே நடக்க வேண்டும். இதுவே இலக்கணம்.

பெல்ஜியத்தின் முடிவு நமக்குத் தொலைவானதன்று. பிரிட்டன் போரில் இறங்காதிருந்தால் ‘எம்டன்’ என்ற சொல்லே தமிழுக்கு வந்திராது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிறிது நேரத்தில் கப்பல் இருளில் மறைந்தது. அஞ்சிய மக்கள் பலர் நகரை விட்டு வெளியேறினர். நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியால் எம்டன் அழிந்தது. சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. சாமர்த்தியமும் கடுமையும் ஒருங்கே உடையவனை ‘அவன் சரியான எம்டன்’ என்கிறோம்.

எம்டன் படை சென்னையில் இறங்கியிருந்தால் வெள்ளையராட்சி அன்றே முடிந்திருக்கும் என்று எண்ணி மகிழ்வோர் உண்டு. மேற்சொன்ன இலக்கணத்துக்கு இது பொருந்தாது. நானூறுக்கும் குறைவான மாலுமிகள்; தங்குவதற்குத் துறைமுகம் இல்லை; பிடிபட்ட கப்பல்களின் நிலக்கரியை நம்பிய பயணம். ஒரு முடிவை மாற்றினால் போதாது. ஒரு பெரும்படையையே வானத்திலிருந்து வரவழைக்க வேண்டும். இது ஆசை.

ஆசை இன்னும் ஒரு படி ஏறிற்று. விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து வழிகாட்டினார் என்பது தமிழில் பலமுறை எழுதப்பட்ட செய்தி. அந்தச் செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்து உழைத்துக்கொண்டிருந்தார்; பின்னர் பெர்லின் சென்று அப்பணியைத் தொடர்ந்தார். அந்நிய மண்ணில் அவர் ஆற்றிய தொண்டுக்குக் கப்பல் கதை அணிகலன் ஆகாது. மெய்ச்செய்தியை மறைக்கும் திரையாகவே ஆயிற்று. ‘செண்பகராமன் எம்டனில் வந்திருந்தால்’ என்று ஒருவர் புதினம் எழுதியிருந்தால் நாம் போற்றியிருப்போம். புதினம் என்ற பெயரின்றி வந்ததால் அது வரலாறாக உலவுகிறது. அலுவலகத்தில் ‘வரைவு’ என்று தலைப்பில் குறிக்காத தாள், உத்தரவாகவே மேசைக்கு மேசை செல்லும். அதைப் போன்றதே இதுவும்.

ஆசைக்கு இடங்கொடாத தமிழ்ப் புதினம் இல்லாமல் இல்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஒன்று போதும். இளமையில் தாமே சுமத்திராவின் மெடான் நகருக்குப் பிழைக்கச் சென்றவர் அவர். எங்கோ சிலர் எடுத்த முடிவுகள் கடல் கடந்த தமிழரின் வாழ்வைப் புரட்டிப்போடுவதை அவர் காட்டினார். இந்திய தேசிய ராணுவத்தின் தோல்வியை வெற்றியாக்கவில்லை. பழம்பெருமைப் பேச்சைக் கேலி செய்யவும் அவர் அஞ்சவில்லை. நாயகன் பாண்டியன் ஊர் திரும்பாமலே மடிகிறான்.

பெங்களூரில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட கவலை ஒன்று உண்டு. இங்கே பிறந்து, கன்னடமும் ஆங்கிலமும் வழியாகப் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழக வரலாறு பெரும்பாலும் பாடநூலில் கிடைப்பதில்லை. புதினத்திலும் மேடைப் பேச்சிலுமே கிடைக்கிறது. எது நிகழ்ந்தது, எது நிகழ்ந்திருக்கக்கூடும், எது வெறும் ஆசை என்று பிரித்துக் காட்டாமல் கொடுத்தால், பள்ளித் தோழன் ஒருவன் சான்று கேட்கும் நாளில் அவர்கள் நாணி நிற்பர். அல்லது சான்று இல்லாததைச் சினத்தால் ஈடுசெய்ய முற்படுவர். இரண்டும் நமக்கு வேண்டா.

நல்ல ‘இருந்தால்’ நம் காலடியிலேயே இருக்கிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலேயப் படைக்கு அவ்வூரின் நோய்ச்சூழல் ஒத்துவரவில்லை. 1809இல் படை பெங்களூருக்கு மாறியது. அல்சூரை ஒட்டிக் கண்டோன்மென்ட் எழுந்தது. படையோடு சிப்பாய்களும், வணிகரும், கைவினைஞரும், ஏவலாளருமாகத் தமிழர் திரளாக வந்தனர். அந்த ஒரு முடிவு வேறாக இருந்திருந்தால் அல்சூரின் தமிழ்த் தெருக்கள் எங்கே எழுந்திருக்கும்? நம் முன்னோர் எந்தச் சந்தையில், எம்மொழியில் பேரம் பேசியிருப்பர்? அரசரும் இளவரசியரும் இல்லாத இப்புதினத்தை இந்நகரில் வாழும் தமிழர் ஒருவரே எழுத முடியும். எழுதுபவர் அதன் முதற்பக்கத்தில் ‘இது நிகழவில்லை’ என்று நேர்மையாகக் குறித்துவிட்டுத் தொடங்குவாராக.