மூன்று துளை கேஸ்கெட்

ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி, வெப்பமானியின் முள் சிவப்பைத் தாண்டி, ஹெட் வளைந்துபோன இன்ஜின் பட்டறைக்கு வந்தால் முதல் வேலை ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங்குக்கு அனுப்புவது. அது சீவப்பட்டுத் திரும்பியதும் ஸ்பேர்ஸ் கடையில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஹெட் ஃபேஸிங் பண்ணியாச்சு, ஒரு சைஸ் கனமா கேஸ்கெட் இருக்கா அண்ணே?” சீவியதில் குறைந்ததைக் கனமான கேஸ்கெட் ஈடுகட்டிவிடும் என்பது கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல டீசல் இன்ஜின்களில் இது தப்புக் கணக்கு, பெட்ரோலில் அரைக் கணக்கு. ஹெட்டிலிருந்து எவ்வளவு போனது என்று கேட்பவரைவிட, ப்ளாக்கின் மேல் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பார்ப்பவரே கேஸ்கெட் தெரிந்தவர் என்பேன்.

ஃபோக்ஸ்வாகனின் 1.9 லிட்டர் டிடிஐ டீசலை எடுத்துக்கொள்வோம். ஸ்கோடா ஆக்டேவியாவில் இந்தியச் சாலைகளுக்கும் வந்த இன்ஜின் அது. வார்ப்பிரும்பு ப்ளாக், அலுமினிய ஹெட். ஹெட்டின் அடிமுகம் சப்பட்டையானது. டீசல் எரிவதற்கான குழி பிஸ்டன் தலையில் இருக்கிறது. உச்சிக்கு வரும் பிஸ்டன் ப்ளாக்கின் முகத்தைத் தாண்டி ஏறத்தாழ 1 மி.மீ. மேலே எட்டிப் பார்க்கும். அந்த எட்டல் 0.91 முதல் 1.00 மி.மீ. வரை என்றால் ஓரத்தில் ஒரு துளையிட்ட 1.45 மி.மீ. கேஸ்கெட், 1.10 வரை போனால் இரண்டு துளை, 1.53, 1.20 வரை போனால் மூன்று துளை, 1.61. இந்தப் பட்டியலில் ஹெட்டின் உயரம் எங்குமே வரவில்லை என்பதுதான் அழகு. சப்பட்டை முகத்தில் 0.2 மி.மீ. சீவினாலும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள சந்து மாறாது. அதைத் தீர்மானிப்பவை பிஸ்டனின் எட்டலும் கேஸ்கெட்டின் கனமும் மட்டுமே. மாறுவது வேறு இடத்தில்: வால்வுகளும் இன்ஜெக்டர் முனையும் அதே 0.2 அளவுக்குப் பிஸ்டனை நெருங்கிவிடுகின்றன. வால்வுகளைப் பொறுத்தவரை அதற்கு மருந்து, வால்வு சீட்டை அதே அளவுக்கு உள்ளே இறக்குவது. இந்த ஹெட்டைச் சீவவே கூடாது என்று தயாரிப்பாளர் கையேடு சொல்வதை நினைத்தால், அரை மில்லிமீட்டர் சந்தை நம்பி ஓடும் இன்ஜினில் எவ்வளவு குறைவான இடம் விட்டிருக்கிறார்கள் என்று புரியும்.

ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் வித்தியாசம் 0.08 மி.மீ., ஒரு தலைமுடிக் கனம். அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று யாரும் கேட்கலாம். சிலிண்டரின் விட்டம் 79.5 மி.மீ. என்பதால் அந்தத் தலைமுடிக் கனம் சுமார் 0.4 சி.சி. ஆகிறது. 19.5 அழுத்த விகிதத்தில் மொத்தக் காற்றும் சுருங்கி அடைவதே ஏறத்தாழ 25.6 சி.சி.க்குள்தான். ஒரு துளை கூடுதலாகப் போட்டால் விகிதம் 19.2 பக்கம் இறங்கும். சுருக்கத்தின் சூட்டிலேயே தீப்பிடிக்க வேண்டிய டீசலுக்குக் குளிர்ந்த காலையில் அது கைகொடுக்காது. அதனால்தான் எட்டலை அளக்கும் டயல் கேஜை வைக்கும் விதத்தில் அவ்வளவு பக்குவம் வேண்டியிருக்கிறது. பிஸ்டன் தன் பின்னில் லேசாக ஆடும். ஆகவே பின் ஓடும் நேர்கோட்டின் மேல் இரு பக்கமும் அளக்க வேண்டும். நான்கு பிஸ்டன்களையும் அளந்து, அதிகமாக எட்டுகிற ஒன்றை வைத்தே கேஸ்கெட் தேர்வு. சராசரி இங்கே உதவாது, ஏனென்றால் முட்டப்போவது உயரமான பிஸ்டன்.

பெட்ரோல் இன்ஜினில் எரியறை ஹெட்டுக்குள் குடைந்திருக்கிறது, சீவினால் கொள்ளளவு குறையத்தானே செய்யும் என்பது சரியான எதிர்வாதம். 300 சி.சி. சிலிண்டரில் விகிதம் 9 என்றால், 0.2 மி.மீ. சீவியதும் அது 9.15 பக்கம் ஏறும். ஹெட்டின் மேலே கேம்ஷாஃப்ட் இருந்தால் அதுவும் அந்த அளவுக்குக் கீழிறங்கி வால்வு டைமிங் சற்றுப் பிந்தும். கனமான கேஸ்கெட் இரண்டையும் சரிசெய்யும் என்பது உண்மையே. ஆனால் எரியறையின் ஓரத்திலுள்ள தட்டைப் பகுதியும் பிஸ்டன் விளிம்பும் உச்சியில் ஏறத்தாழ 1 மி.மீ. வரை நெருங்கி, நடுவிலுள்ள கலவையைப் பிதுக்கி ஸ்பார்க் பிளக்கை நோக்கி வீசுகின்றன. இந்தக் கொந்தளிப்பின் அருமையை முதலாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஹாரி ரிக்கார்டோ சைடு வால்வு ஹெட்களில் காட்டினார். ஹெட்டைச் சீவுவது அந்த நெருக்கத்தைத் தொடுவதில்லை. கனமான கேஸ்கெட்தான் அதை விரிக்கிறது. பிதுக்கம் தளர்ந்தால் தீ மெதுவாகப் பரவும், கலவை தானே வெடித்துத் தட்டும் நாக்கிங்குக்கு வாய்ப்புக் கூடும். விகிதம் சிறிது ஏறியதால் நாக்கிங் வருமோ என்று பயந்து, நாக்கிங்குக்கே வழிவிடுகிறோம். 0.1, 0.2 அளவுச் சீவலுக்கு வழக்கமான கனத்தையே போட்டு, டைமிங்கை அதற்குரிய இடத்தில் திருத்துவதே எனக்கு ஒப்புதல்.

கனத்தைவிடக் கடினமான தேர்வு, எந்த வகை என்பது. பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டின் வெளித்தகடுகளில் வரம்பு போல எழும்பிய விளிம்புகள் ஸ்பிரிங்காக வேலை செய்கின்றன. மேலே மெல்லிய ரப்பர் பூச்சு. நடுத்தகடுதான் கனத்தை நிர்ணயிக்கிறது. இதற்கு முகம் 0.8 மைக்ரானுக்குள் வழவழப்பாக வேண்டும். முகம் சொரசொரப்பாக இருந்தால்தான் கேஸ்கெட் பிடிக்கும் என்று சொல்லும் பழைய கைகள், கிராஃபைட் கேஸ்கெட்டைப் பற்றிச் சொல்வது சரி. அது மெத்தென்று பள்ளங்களுக்குள் இறங்கும். எஃகுக்கு அதே முகம் அரமாகிவிடும். 40 செ.மீ. நீள அலுமினிய ஹெட் 70 டிகிரி சூடேறினால், தடுப்பின்றி விட்டால் 0.64 மி.மீ. நீளும், கீழே வார்ப்பிரும்பு அதில் பாதிகூட நீளாது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து நிறுத்தும்போதும் ஒன்றன்மேல் ஒன்று இழைகிறது என்றால், பூச்சு எத்தனை நாள் தாங்கும்? ஆகவே விலை உயர்ந்த எஃகு கேஸ்கெட்தான் எப்போதும் சிறந்தது என்பதை நான் ஏற்பதில்லை. கிராஃபைட்டுக்கென்றே வடிவமைத்த பழைய இன்ஜின், சுமாரான மில்லிங் மெஷின், இரண்டும் சேர்ந்தால் கிராஃபைட்டே விவேகம்.

எந்த வகையைத் தேர்ந்தாலும் அதற்கு முன் ஹெட்டின் கடினத்தைச் சோதித்துவிட வேண்டும். அலுமினிய ஹெட்டின் உறுதி வார்ப்பில் பாதி, அதன்பின் கொடுக்கும் வெப்பப் பக்குவத்தில் பாதி. அந்தப் பக்குவத்தின் கடைசிப் படி பல ஹெட்களில் நடப்பது 200 டிகிரிக்கும் கீழே. தண்ணீரில்லாமல் ஓடிய ஹெட் சில இடங்களில் அதைத் தாண்டிச் சூடேறி மென்மையாகிவிடுகிறது. ஃபேஸிங் முடிந்து கண்ணாடிபோல் பளபளக்கிற ஹெட்டில் இது கண்ணுக்குத் தெரியாது, பிரினெல் கடினச் சோதனையில்தான் தெரியும். எஃகு கேஸ்கெட்டின் வரம்பு அந்த மெதுமுகத்தில் மெல்ல மெல்லப் புதையும், போல்ட்டின் இழுவிசை தளரும், சில மாதங்களில் மறுபடி ஆயிலும் தண்ணீரும் கலக்கும். ரோவரின் கே-சீரிஸ் இன்ஜின்களுக்கு எஃகு கேஸ்கெட்டோடு ஒரு மெல்லிய தகட்டையும் ஹெட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தது, சுமையைப் பரத்தி இந்தப் புதைவைத் தடுப்பதற்காக. அப்படியொரு தகடு கிடைக்காத இன்ஜினில், சோதனை மெது என்று சொல்லிவிட்டால், கேஸ்கெட் வாங்கும் பணத்தை மாற்று ஹெட்டின் விலையோடு சேர்த்துவிடலாம்.