சர்வரே தூது போனால்

தஞ்சோங் பகார் சாலையின் பழைய கடைவீடுகளில் திருமண உடைக் கடைகள் பெயர்பெற்றவை. அத்தகைய கடையொன்றின் வேர்ட்பிரஸ் தளத்தில், படத்தின் இணைய முகவரியைக் கொடுத்தாலே அதை எடுத்துச் சேர்த்துவிடும் செருகுநிரல் இருந்தால் உரிமையாளருக்கு எவ்வளவோ வேலை மிச்சம். அந்த வசதியைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் படத்தை எடுக்கப் போவது கடையின் சர்வர். பட முகவரிக்குப் பதில் உள்நெட்வொர்க் முகவரி ஒன்றைத் தந்தால், வெளியார் எட்டவே முடியாத இடத்துக்கும் அது போய்வரும். 2021இல் இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப்பின் முதல் பத்து அபாயங்களில் இடம்பிடித்த ‘எஸ்எஸ்ஆர்எஃப்’ இதுதான்.

வேர்ட்பிரஸ் சும்மா இருக்கவில்லை. ஒரு தளம் இன்னொன்றுக்கு இணைப்புத் தந்ததை அறிவிக்கும் பிங்பேக் வசதி வழியே வெளிப்பட்ட இக்குறைக்கு 2013 ஜனவரியில், 3.5.1 பதிப்பில் திருத்தம் தந்தது. முகவரியைச் சோதித்த பிறகே வெளியே செல்லும் கட்டளையும் அதே ஆண்டு வந்தது. செருகுநிரல் எழுதுபவர் ஒரு வரியை மாற்றினால் 127, 10, 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அடைபடும். இவ்வளவு மலிவான காப்பு அரிது. அதையும் பலர் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் முதல் வருத்தம்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. சோதிக்கும்போது ஒரு முகவரியையும், எடுக்கும்போது வேறொன்றையும் காட்டும்படி, தளப்பெயரை எண்முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸை மாற்றிவிடலாம். பிங்பேக்கில் இந்த இடைவெளி எஞ்சியிருந்ததை 2022இல் சோனார் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விளக்கினர். வேர்ட்பிரஸின் தடைப்பட்டியலில் விடுபடல்களும் உண்டு. கிளவுட் சர்வர்கள் தம் சாவிகளைக் கேட்டுப் பெறும் 169.254.169.254 அதில் நெடுங்காலம் இல்லை. 2019இல் கேபிடல் ஒன் வங்கியிடமிருந்து அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேரின் விவரங்கள் போனது இந்த முகவரி வழியேதான். அங்கே வாசலானது செருகுநிரல் அல்ல, தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வால்; ஆனால் வழி ஒன்றே. அதே ஆண்டு நவம்பரில் அமேசான், முதலில் டோக்கன் பெற்றாலன்றிச் சாவி தராத முறையைக் கொண்டுவந்தது. முகவரியை மட்டும் மாற்றித் தரும் தாக்குதல் அங்கே பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் பழைய முறையை அணைத்தால்தான் பலன்.

சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர் விவரங்களைக் காக்கும் பொறுப்பை நிறுவனத்தின்மேல் வைக்கிறது. மீறினால் அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகலாம், பெரிய நிறுவனங்களுக்கு அதற்கு மேலும். அது நியாயமே. ஆயினும் நிரல் படிக்கத் தெரியாத கடைக்காரரிடம் “அப்டேட் செய்யுங்கள்” என்பதோடு நிறுத்துவது போதாது. எந்தெந்தத் தளங்களிலிருந்து படம் வரலாம் என்ற அனுமதிப்பட்டியலைச் செருகுநிரலே கேட்கட்டும். உள்முகவரிகளுக்குச் செல்லும் கோரிக்கைகளை, மாதக் கட்டணம் வாங்கும் ஹோஸ்டிங் நிறுவனம் முதல் நாளிலிருந்தே அடைத்துத் தரட்டும்.