தோளை இழந்த துப்பாக்கி

பின்கட்டையை நீக்கிவிட்டுக் கைத்துப்பாக்கிப் பிடியோடு மட்டும் வரும் 12 போர் துப்பாக்கியை மெச்சுபவர்களும் இகழ்பவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: எந்த வேலைக்கு என்று கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கருவியின் தகுதியை அது செய்யவேண்டிய வேலையை வைத்துத்தான் அளக்க முடியும். குற்றாலக் குறவஞ்சியின் சிங்கன் பறவை பிடிக்கக் கண்ணிதான் கொண்டு வந்தான். ஆகவே வேலையை முதலில் வரையறுப்போம்.

தென்காசிக்கு மேற்கே வடகரை, மேக்கரை, பண்பொழி. தெற்கே கடையம், ஆழ்வார்குறிச்சி. வடக்கே புளியங்குடி, சிவகிரி. இந்த மலையடி நெடுகிலும் இரவுக் காவல் வேளாண்மையின் ஒரு பகுதி. பன்றி வயலை உழுதுபோடுகிறது. யானை தென்னையைச் சாய்க்கிறது. யானைக்குத் துப்பாக்கி விடையாகாது. சட்டமும் அறமும் ஒருசேர அதைத் தடுக்கின்றன. பன்றியிலும், தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டி வந்ததைத்தான் சுடலாம், சுடுபவர் வனத்துறையினர். மலைக்கு அப்பால் கேரளம் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு அதைச் செய்கிறது. ஏற்பாடு வேறானாலும் துப்பாக்கியிடம் கேட்கப்படுவது ஒன்றே: இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், 20, 30 மீட்டரில், அசையும் விலங்கை முதல் வெடியிலேயே வீழ்த்த வேண்டும். காயம்பட்டு ஓடும் பன்றி, காயம்படாத பன்றியைவிடக் கொடியது. தவறிய ரவை போகும் திசையில் அடுத்த தோப்பின் காவல்காரர் இருக்கக்கூடும்.

சொல் மயக்கம் ஒன்றையும் நீக்கிக்கொள்வோம். வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில் கட்டையின் கழுத்து கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதையும் பிஸ்டல் கிரிப் என்றே சொல்வார்கள். படைத்துறைத் துப்பாக்கிகளில் தனிப் பிடியும் இருக்கும், பின்கட்டையும் இருக்கும். இவ்விரண்டின்மேலும் இங்கே வழக்கு இல்லை. தோளில் பதியும் கட்டையே இல்லாத வடிவம் மட்டுமே நம் விசாரணைக்கு உரியது.

முதல் சோதனை, குறி. ரைஃபிளுக்குப் பின்குறி, முன்குறி என இரண்டு உண்டு. வழக்கமான இரட்டைக்குழலுக்குக் குழல் நுனியில் ஒரு மணி மட்டுமே உண்டு. பின்குறி எங்கே? சுடுபவரின் கண்தான் பின்குறி. கன்னம் கட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படிவதால் கண்ணும் குழலுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கிறது. ஆகவே கட்டையைக் கழற்றுபவர் பின்குறியையே கழற்றிவிடுகிறார். இடுப்பருகே பிடித்துச் சுட்டால் குறி ஊகமாகிறது. கண்மட்டத்துக்கு உயர்த்திச் சுட்டால் உதைத்து வரும் இரும்பு முகத்துக்கு நேரே இருக்கிறது. லேசர் புள்ளி பொருத்தினால் இக்குறை தீரும் என்பது இந்த வடிவத்தை ஆதரிப்பவர்களின் வாதம். அதில் பாதி உண்மை: புள்ளி குழலின் திசையைக் காட்டும், ஆனால் குழலை அசையாமல் நிறுத்தித் தராது.

இரண்டாம் சோதனை, உதை. 32 கிராம் ரவையை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் தள்ளும் தோட்டாவைக் கணக்கிடுவோம். அடைப்பும் மருந்தின் வாயுவும் சேர, 3.2 கிலோ துப்பாக்கி ஏறத்தாழ 37 ஜூல் ஆற்றலோடு பின்னே வரும். கட்டையை நீக்கி எடையை 2.5 கிலோவாக்கினால் அதே தோட்டாவுக்கு அது 48 ஜூலை நெருங்கும். எடை குறையக் குறைய உதை கூடும் என்பது மாற்ற முடியாத கணக்கு. கூடிய உதை யார்மேல் விழுகிறது என்பதே பெரிய கேள்வி. முன்பு தோளும் முதுகும் வாங்கியதை இப்போது ஒரு மணிக்கட்டு வாங்குகிறது. குழல் கைப்பிடிக்கு மேலே இருப்பதால் நுனி வானத்தை நோக்கித் துள்ளுகிறது. பம்ப் ஆக்‌ஷன் என்றால் அடுத்த தோட்டாவை ஏற்ற முன்கை அசைய வேண்டும். அந்த நேரத்தில் துப்பாக்கிக்கு உறுதியான பிடி ஒன்றே மிஞ்சும். குற்றாலச் சாரல் மலையடி முழுவதையும் நனைக்கும் ஆனி, ஆடி மாதங்களில் அந்த ஒரு கையும் ஈரக் கை.

மூன்றாம் சோதனை, அடக்கம். இங்கே இந்த வடிவத்துக்கு உரிய பெருமையைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். நீளத்தில் சுமார் 25 செ.மீ. மிச்சமாகிறது. குறுகிய வீட்டுக்குள் மூலை திரும்பும்போது குழல் நுனி முன்னே நீண்டு காட்டிக்கொடுக்காது. வாகனத்துக்குள் எளிதில் அடங்கும். இவை கற்பித்த நன்மைகள் அல்ல. ஆயினும் தோப்புக் காவலில் இவற்றின் மதிப்பு சிறிது. பரணில் மூலை திருப்பம் கிடையாது. பைக்கில் எடுத்துச் செல்வதுதான் சிக்கல் என்றால், மடித்துத் திறக்கும் இரட்டைக்குழல் அதை எப்போதோ தீர்த்துவிட்டது: குழலைத் தனியே கழற்றிக் கட்டையோடு சேர்த்துக் கட்டினால் 30 அங்குலக் குழல் துப்பாக்கியும் 76 செ.மீ. பொதிக்குள் அடங்கும். நீளத்தைக் குறைக்க அங்கே குறியைப் பலியிட வேண்டியதில்லை.

ரவை விரிந்து பரவும், அதனால் குறி அவ்வளவு முக்கியம் இல்லை என்பது இந்த வடிவத்துக்காகச் சொல்லப்படும் மிகப் பழைய வாதம். மிகப் பலவீனமானதும் அதுவே. குறுக்கம் இல்லாத குழலில் ரவை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. விரியும் என்பது அனுபவக் கணக்கு. 5 மீட்டரில் அது ஒரு சாண்கூட விரியாது. கட்டையில்லாத் துப்பாக்கிக்கே உரியது என்று சொல்லப்படும் அறைத் தூரத்திலும் குறி பார்த்தே ஆக வேண்டும். 30 மீட்டரில் 75 செ.மீ. விரியும்போது ரவைகளுக்கு நடுவே இடைவெளி பெருகும்; நடுப்பகுதி விலங்கின்மேல் விழாவிட்டால் கிடைப்பது காயம் மட்டுமே. கிட்டத்திலும் எட்டத்திலும் இந்த வாதம் நிற்கவில்லை.

வரலாறு என்ன சொல்கிறது? இந்தியாவில் வெள்ளைக்காரத் துரைமார் யானைமேல் அம்பாரியில் அமர்ந்து புலிவேட்டை ஆடிய காலத்தில், கட்டையில்லாத பெருவாய் இரட்டைக்குழல் கைத்துப்பாக்கி ஒன்று உடன் இருந்தது. புலி யானைமேல் பாய்ந்து ஏறிவிட்டால், கை எட்டும் தூரத்தில் சுடுவதற்கு. வேட்டையை நடத்தியது தோளில் பதிந்த ரைஃபிள். இன்றைய படைகளில் கதவின் பூட்டையும் கீலையும் உடைக்கக் குட்டைத் துப்பாக்கி பயன்படுகிறது. உடைப்பவருக்குப் பின்னால் முழு ஆயுதத்தோடு துணைவர்கள் நிற்கிறார்கள். இந்த வடிவம் வென்ற இடங்களில் அது இரண்டாம் ஆயுதமாகவே வென்றிருக்கிறது. முதல் ஆயுதமாக விற்கப்பட்டபோது அதன் உருவை வகுத்ததில் களத்தின் பங்கு குறைவு, சட்டத்தின் பங்கு அதிகம். அமெரிக்காவில் இத்தாகா நிறுவனம் 1922இல் கொண்டுவந்த கைப்பிடி இரட்டைக்குழலின் கதை 1934ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. 2017இல் வந்த மாஸ்பெர்க் ஷாக்வேவ், 14 அங்குலக் குழலோடு, மொத்த நீளம் 26 அங்குலத்தைச் சற்றே தாண்டும்படி வகுக்கப்பட்டது. அந்த 26, அதே சட்டத்தின் கோடு. திறமையான வடிவமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது விடை சொல்வது சட்ட நூலின் கேள்விக்கு.

நம் சட்டம் வேறு பாதையில் நடக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள துப்பாக்கியையும், பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் முன்வைக்கிறது. குழலைக் குறைப்பதும், 2019 திருத்தத்துக்குப் பின் ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் தனி உரிமம் இல்லாமல் குற்றம். பிரிவு அளப்பது குழலைத்தான், கட்டையை அன்று. ஆகவே கட்டையில்லா வடிவத்தைச் சட்டத்தைக் காட்டித் தள்ளிவிட முடியாது. தகுதியைக் காட்டித்தான் தள்ள வேண்டும். அதே திருத்தம் ஒருவருக்கு மூன்று என்றிருந்த துப்பாக்கி வரம்பை இரண்டாக்கியது. தோப்புக்காரரிடம் பெரும்பாலும் இருப்பது ஒன்றே.

தீர்ப்பு அந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது. கட்டையில்லாத் துப்பாக்கி இன்னொரு துப்பாக்கியின் நிழலில் பயனுள்ளது; தனித்து நிற்கும்போது குறையுள்ளது. அடக்கத்தில் தேறுகிறது, குறியிலும் உதையிலும் தவறுகிறது. மலையடிக் காவல் கேட்பது பின்னிரண்டையும். ஆகவே தென்காசியின் வேலைக்கு அது பொருந்தாது.

ஆனால் அதை விரும்புபவர்களின் மனக்குறையில் நியாயம் ஒன்று உண்டு. அதைத் தள்ளுவது நேர்மையாகாது. வழக்கமான கட்டையின் விசையிலிருந்து பின்முனை வரையான நீளம் 14 அங்குலம், ஏறத்தாழ 36 செ.மீ. நம்மவர் பலருடைய கைக்கு அது நீளம். கன்னம் சரியாகப் படியாது, தோளின் ஓரத்தில் உதை விழும், துப்பாக்கியே பெரிது என்று தோன்றும். அந்தக் குறைக்கு மருந்து கட்டையைக் கழற்றுவது அன்று. உரிமம் பெற்ற பட்டறைக்காரரிடம் கொடுத்து, சுடுபவரின் கைக்கு அளந்து கட்டையைப் பொருத்திக்கொள்வதே. கடையம் வயலோரத்தில் பன்றிக்காகக் காத்திருக்கும் வனக்காவலருக்கு அதைவிடக் குட்டையான துப்பாக்கி தேவையில்லை.