இலைக்கு ஒரு சட்டம், பூவுக்கு ஒரு சட்டம்

கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்தை ஓர் இந்திய நோயாளி சட்டப்படி வாங்க முடியுமா? வக்கீல் ஒரு பதில் சொல்வார், சித்த மருத்துவர் ஒரு பதில் சொல்வார், காவல் நிலையத்தில் வேறொரு பதில் கிடைக்கும். மூன்றும் ஓரளவு சரியானவைதான். ஒரு நாட்டின் மருந்துச் சட்டத்துக்கு இது பெருமை இல்லை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 'கஞ்சா' என்று எதைச் சொல்கிறது என்பதைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். செடியின் பிசின் குற்றம். பூத்த, காய்த்த நுனிகள் குற்றம். நுனியிலிருந்து பிரிந்த இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. வட இந்தியாவில் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு பிழைத்துக் கிடப்பது இதனால்தான். உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடையே உண்டு. அதே செடியின் பூ 20 கிலோவுக்கு மேல் கையில் இருந்தால் குறைந்தது பத்தாண்டுச் சிறை.

இந்தக் கோட்டை நம் நாடாளுமன்றம் புதிதாகக் கிழிக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இருந்த வரையறைதான் இங்கே வந்து சேர்ந்தது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருளை இஸ்ரேலில் ரபேல் மெச்சூலம் குழுவினர் பிரித்தெடுத்தது 1964இல். ஆக, உடன்படிக்கையை எழுதியவர்களுக்குச் செடியின் உறுப்புகளைத் தவிர அளவுகோல் வேறு இருக்கவில்லை. அவர்களை மன்னிக்கலாம். 1985இல் எழுதியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பூவில் மிகுதியாக இருக்கும் அதே பொருள் இலையிலும் குறைவாக இருக்கிறது. சாறாக்கி எண்ணெயில் கரைத்த பிறகு, அது இலையில் இருந்து வந்ததா பூவில் இருந்து வந்ததா என்று அதன் மூலக்கூறு சொல்லாது.

இன்று நோயாளிக்குத் திறந்திருக்கும் வாசல் இந்த இலை வாசல்தான். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருட்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. அதன் சித்த மருத்துவப் பகுதியில் அபினி, அலரி, ஊமத்தை, எட்டி, குன்றிமணி, நேர்வாளம் இவற்றோடு கஞ்சாவும் இடம்பெற்றிருக்கிறது. பழைய வைத்தியர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது போலிருக்கும். இத்தகைய பொருள் சேர்ந்த மருந்தை, உரிமம் பெற்ற நிறுவனம் தயாரிக்கலாம், பதிவு பெற்ற மருத்துவர் எழுதித் தரலாம். 'விஜயா' என்ற ஆயுர்வேதப் பெயரில் இலைச்சாறு எண்ணெய்கள் இணையத்தில் விற்பனையாவது இந்த வழியில்தான். மருத்துவரோடு காணொளியில் சில நிமிடப் பேச்சு, ஒரு மருந்துச்சீட்டு, பிறகு கூரியர். மருத்துவ மேற்பார்வையில் மட்டும் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை குப்பியின் மேல் இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். சித்த மருந்தின் நச்சு எச்சரிக்கை தமிழில் இருந்தாக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

சரி, இது சட்டப்படியான வழி. மருத்துவ வழியா?

கஞ்சாவிலிருந்து வந்த மருந்துகளில் உறுதியான சான்று உள்ளவற்றுள் முதன்மையானது கன்னாபிடியால். போதை தராத பொருள். டிராவே என்ற கொடிய குழந்தை வலிப்பு நோயில் 120 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. மருந்து பெற்றவர்களுக்கு மாதம் வந்த வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 12.4இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. மருந்தில்லாத போலிக் கரைசல் பெற்றவர்களுக்கு 14.9இலிருந்து 14.1 ஆனது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. அந்த ஆய்வில் கொடுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 400 மில்லிகிராம் கன்னாபிடியால், தினமும், மாறாத அளவில்.

இலைச்சாறு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 'விஜயா இலைச்சாறு இத்தனை மில்லிகிராம்' என்று இருந்தால் சாற்றின் எடை தெரியும். அதற்குள் கன்னாபிடியால் எவ்வளவு, டிஎச்சி எவ்வளவு என்பது இலை, மண், பறித்த பருவம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். வேடிக்கை என்னவென்றால், கஞ்சா விதை எண்ணெயை உணவாக விற்பதற்கு 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தபோது, ஒரு கிலோவில் டிஎச்சி 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. சாலட்டில் ஊற்றும் எண்ணெய்க்கு இருக்கும் கறார், வலிப்புக் குழந்தையின் நாக்கில் விடும் எண்ணெய்க்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. கன்னாபிடியால், குளோபசாம் என்ற வலிப்பு மருந்தின் செயல்படு பொருளை இரத்தத்தில் உயர்த்திவிடும். வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறலாம். இரண்டுமே இந்நோயாளிகள் வழக்கமாக உண்பவை. நரம்பியல் மருத்துவர் ஒரு சீட்டு எழுதுகிறார், காணொளி மருத்துவர் இன்னொன்று எழுதுகிறார். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிய வேண்டிய ஏற்பாடு எதுவும் இல்லை. குழந்தை தூங்கி வழிந்தால் யாரைக் கேட்பது?

மரபின் பக்கம் நின்று பேசுவோரின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நவீன மருத்துவத்துக்குக் கஞ்சாவை அறிமுகப்படுத்தியதே இந்தியாதான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஐரிஷ் மருத்துவர் ஓஷாக்னெசி, உள்ளூர் வைத்தியர்களிடம் கேட்டறிந்து, கைக்குழந்தையின் வலிப்புக்கே இதைக் கொடுத்துப் பார்த்து 1839இல் எழுதினார். ஆனால் மரபை முழுதாகப் படிக்க வேண்டும். சித்த மருத்துவம் கஞ்சாவைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. அனுபானமும் அளவும் பத்தியமும் சொல்லித்தான் கொடுக்கும். தூக்கம், மன அழுத்தம், மூட்டுவலி, புற்றுநோய் என்று ஒரே குப்பியைக் காட்டும் இன்றைய விளம்பரங்களைவிட பழைய சித்த வைத்தியர் எவ்வளவோ எச்சரிக்கையானவர்.

அப்படியானால் பிரிட்டனைப் போலக் கதவைத் திறந்துவிடலாமா? அங்கே 2018 நவம்பர் 1 முதல் சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்தை எழுதலாம் என்று சட்டம் மாறியது. ஓராண்டு கழித்து, சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் நிறுவனம் சான்றுகளைப் பார்த்து, நாள்பட்ட வலிக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்றது. அரசு மருத்துவச் சேவையில் மிகச் சிலருக்கே கிடைத்தது. மற்றவர்கள் தனியார் மருத்துவமனைகளில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சட்டம் மாறினால் நோயாளிக்கு மருந்து வந்துவிடும் என்று நம்புவோருக்கு இது ஒரு பாடம். சான்று இல்லாமல் திறந்த கதவு, பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே வாசலாகும்.

இந்தியாவுக்கு வேறு வழி இருக்கிறது. அது நம் சட்டத்துக்குள்ளேயே உறங்குகிறது. கஞ்சாவின் சாறு, டிஞ்சர் எதுவாயினும் அது 'மருத்துவக் கஞ்சா' என்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு அன்றே பெயர் சூட்டிவிட்டது. எட்டாம் பிரிவு மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் விலக்கும் தருகிறது. பெயர் வைத்தவர்கள், அது நோயாளியின் படுக்கை வரை வந்து சேரும் பாதையைப் போடவில்லை. மார்ஃபினுக்கும் ஒருகாலத்தில் இதே கதிதான். மாநிலத்துக்கொரு உரிமம், கடைக்கொரு பயம் என்று புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்று ஒரு புது வகை பிறந்தது. மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகள் அதில் சேர்ந்தன. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, பதிவேடு, பயிற்சி பெற்ற மருத்துவர், நாடு முழுவதும் ஒரே விதி.

என் தீர்ப்பு இது. இலை வாசல் சட்டப்படி செல்லும், மருந்துப்படி செல்லாது. அதை அளவு தெரிந்த சிகிச்சை என்று விற்பது நோயாளியை ஏமாற்றுவது. அதே நேரம், சான்று உள்ள சில நோய்களுக்கு, அளவு உறுதியான தயாரிப்புகளுக்கு, மார்ஃபினுக்குப் போட்ட பாதையை மறுப்பதற்கும் நியாயம் இல்லை. அந்தப் பட்டியலில் ஏழாவது பெயரைச் சேர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மத்திய அரசின் ஓர் அரசிதழ் அறிவிக்கை போதும்.