இணையவழி இசை: களவும் உடைமையும்

இணையத்தின் வழியே இசையைப் பெறும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று என ஆராய்வார் பலர், அதனைக் களவின் வரலாறாகவே எழுதி அமைவர். அக்கூற்றில் உண்மை உண்டு; முழுமை இல்லை.

முதற்கண் நோக்கற்பாலது ஒலியைச் சுருக்கிய கலையாகும். 1982 இல் விற்பனைக்கு வந்த இறுவட்டிலே, நான்கு நிமிடப் பாடலொன்று ஏறத்தாழ 40 மெகாபைற் இடத்தைக் கொள்ளும். தொலைபேசிக் கம்பி வழியே அதனைப் பெற ஒன்றரை மணி நேரமேனும் செல்லும். ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரிலே கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் முதலியோர் செவியின் இயல்பை ஆராய்ந்தனர். பேரொலி எழுங்கால் அதன் அயலே நிற்கும் மெல்லொலி செவிக்குப் புலனாகாது. புலனாகாததைச் சுமப்பானேன்? அதனைக் களையவே, பாடல் பதினொன்றில் ஒரு பங்களவாயிற்று. 'எம்.பி.3' என்னும் பெயர் 1995 இல் இடப்பட்டது. பக்கவாத்தியம் எதுவுமற்ற சூசன் வேகாவின் தனிக்குரற் பாடலொன்றைக் கேட்டுக் கேட்டே இம்முறையைச் செப்பஞ்செய்தனர். தனிக்குரலிற் குற்றம் ஒளிய இடமில்லை என்பதைச் சங்கீதம் அறிந்தார் நன்குணர்வர்.

1999 இல் ஷோன் பானிங் என்னும் அமெரிக்க இளைஞர் 'நாப்ஸ்டர்' என்பதைத் தோற்றுவித்தார். எவர் கணினியில் எப்பாடல் உளது என்னும் அட்டவணை மட்டுமே அதன் நடுவண் இருந்தது. பாடலோ ஒருவர் கணினியினின்றும் மற்றொருவர் கணினிக்கு நேரே சென்றது. இசைத்தட்டுக் கொம்பனிகள் வழக்குத் தொடுத்தன. 2001 இல் அது நின்றது.

விலையின்மையே மக்களை ஈர்த்தது என்பர். அஃதொன்றே காரணமாயின், 2003 இல் அப்பிள் கொம்பனி பாடலொன்றுக்கு 99 அமெரிக்கச் சதம் விலை குறித்தபோது, முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் பாடல்கள் விற்பனையானமை எங்ஙனம்? தனிப்பாடல் விற்பனையைக் கொம்பனிகள் முன்னரே பெரிதும் குறைத்திருந்தன. ஒன்றை வேண்டினாரும் தட்டு முழுவதையும் வாங்க நேர்ந்தது. இதனாற் களவு நியாயமாகாது. பாடினார்க்கு அது தீங்கே. ஆயினும், அதற்கு வழிவகுத்தாரைக் குற்றத்தினின்றும் விலக்குதல் பொருந்தாது.

2008 இல் சுவீடனிலே தொடங்கிய 'ஸ்பொட்டிபை' வேறொரு வழியைக் காட்டிற்று. மாதந்தோறும் கட்டணம் செலுத்துவோர் கோடிக்கணக்கான பாடல்களைக் கேட்கலாம். ஆயின் அவற்றுள் ஒன்றேனும் அவர்க்கு உரியதன்று. இறுவட்டை நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், மகனுக்கு விட்டுச் செல்லலாம். வாடகை இசையை அங்ஙனம் செய்தல் இயலாது. உரிமையாளர் உடன்பாடு முடிந்தால் பாடல் பட்டியலினின்றும் மறையும். 2009 இல் அப்பிள் தன் பாடல்களின் பூட்டை நீக்கியது. அதன்பின் அங்கு வாங்கியவற்றைப் பிரதிசெய்து வைத்தார் இன்றும் தடையின்றிக் கேட்கின்றனர். அவ்விற்பனை இன்னும் நடைபெறுகின்றது, நாடுவார்தாம் அருகினர்.