செயல்முறைக்கு நினைவக வரம்பு: அளவுகோலே சிக்கல்

யுனிக்ஸ் வகை இயங்குதளத்தில் ஓடும் ஒவ்வொரு செயல்முறையும் தனக்கு வேண்டிய நினைவகத்தைக் கெர்னலிடம் கேட்டுப் பெறுகிறது. லினக்ஸ் கெர்னல் கையிருப்பைவிட அதிகமாகவே வாக்களிக்கும். வாக்களித்த இடத்தையெல்லாம் நிரல்கள் உண்மையாகவே எழுதி நிரப்பத் தொடங்கும்போது நினைவகம் தீர்ந்து, ஏதேனும் ஒரு செயல்முறை கொல்லப்படுகிறது. இடத்தை விழுங்கியதும் கொல்லப்படுவதும் ஒரே நிரலாக இருக்கும் என்ற உறுதி கிடையாது. பலர் பகிரும் சர்வரில் இது பெரிய அநீதி. வரம்பு தேவைப்படுவது இதனால்தான்.

எடுத்துக்காட்டாக, ஓலைச்சுவடிகளின் படங்களைக் கையாளும் நிரல் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓலை நீளமானது. ஒரு பக்கத்தின் படம் 10,000க்கு 2,000 புள்ளிகள் என்றால், புள்ளிக்கு 3 பைட் வீதம் 60 மெகாபைட் ஆகிறது. சுருக்கப்பட்ட கோப்பாக வட்டில் இருக்கும்போது இந்தக் கனம் தெரிவதில்லை. நூறு ஏடுகளின் இரு பக்கங்களையும் ஒன்றாகத் திறந்தால் 12 கிகாபைட். 8 கிகாபைட் கணினி அதைத் தாங்காது.

பழைய மருந்து, 1983இல் 4.2 பிஎஸ்டியுடன் வந்த செட்ஆர்லிமிட் அழைப்பும், ஷெல்லில் அதை இயக்கும் யூலிமிட் கட்டளையும். நிர்வாகி அனுமதி வேண்டாம், ஒரே வரி போதும். தன் சோதனை நிரல் கட்டுமீறாமல் காக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் லினக்ஸில் இது கட்டுப்படுத்துவது முகவரி வெளியை. உண்மையில் பிடித்திருக்கும் நினைவகத்தை அல்ல. ஜாவா போன்றவை தொடாத இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதால், சிறிதளவே பயன்படுத்தும்போதும் வரம்பில் முட்டி விழுகின்றன. உண்மைப் பயன்பாட்டுக்கென்று தனி வரம்பும் செட்ஆர்லிமிட்டின் பட்டியலில் உண்டு. இன்றைய லினக்ஸ் கெர்னல் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. இதைவிடப் பெரிய குறை, வரம்பு தலைக்கு இவ்வளவு என்று போவது. 2 கிகாபைட் வரம்புள்ள செயல்முறை எட்டுப் பிள்ளைச் செயல்முறைகளைப் பெற்றால், பிள்ளைகளுக்கு மட்டுமே 16 கிகாபைட் வரை வழி திறந்துவிடும். பகிர்ந்த சர்வருக்கு இதை மட்டும் நம்புவது தவறு.

ரேஷன் கடைக் குடும்ப அட்டைபோல மொத்தக் குழுவுக்கும் ஒரே கணக்கு வைப்பது சிகுரூப். கூகுளில் 2006இல் தொடங்கிய இப்பணி 2008இல் லினக்ஸில் சேர்ந்தது. இதன் நினைவகக் கட்டுப்பாட்டை எழுதிய முதன்மையானவர்களில் ஒருவர் அப்போது ஐபிஎம்மில் இருந்த பல்பீர் சிங்; மற்றொருவர் பாவெல் எமெல்யானோவ். கணக்கில் ஏறுவது உண்மையாகத் தொட்ட நினைவகப் பக்கங்கள் மட்டுமே. பிள்ளைச் செயல்முறைகளும் அதே கணக்கில் அடங்கும். இரண்டாம் பதிப்பில் இரு மேல் எல்லைகள் உண்டு: 'ஹை' எல்லையைத் தாண்டினால் கெர்னல் குழுவின் வேகத்தைக் குறைத்து நினைவகத்தை மீட்கப் பார்க்கும், 'மேக்ஸ்' எல்லையில் மீட்க வழியில்லையென்றால் குழுவுக்குள்ளேயே ஒன்று கொல்லப்படும். அண்டைப் பயனரின் வேலை இதில் கொல்லப்படாது. பயனருக்கு இது பெரும்பாலும் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாகக் கைக்கெட்டுகிறது.

இதற்கும் குறைகள் உண்டு. கோப்புகளைப் படிக்கும்போது சேரும் பேஜ் கேஷும் கணக்கில் ஏறுவதால், சுவடிப் படங்களை வரிசையாக வாசிக்கும் நிரல் உள்ளதைவிடப் பெருந்தீனிக்காரனாகத் தெரியும். பல குழுக்கள் பகிரும் பக்கத்தின் செலவு முதலில் தொட்டவர் தலையில் விழுகிறது. ஸ்வாப்புக்குத் தனி வரம்பு வைக்க மறந்தால், மிகுதி வட்டுக்கு வழிந்து கணினி முழுவதும் மந்தமாகும். குழுவில் ஒன்று மட்டும் கொல்லப்பட்டு, மற்றவை அரைகுறையாகத் தொடர்வதும் உண்டு. குழு முழுவதையும் ஒன்றாக நிறுத்தும் அமைப்பை நாமாகத்தான் இயக்க வேண்டும்.

எந்த வரம்பும் நிரலின் பசியைக் குறைப்பதில்லை. மேலே சொன்ன வேலையில் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினால், 12 கிகாபைட்டுக்குப் பதில் சில நூறு மெகாபைட்டில் முடியும். நிரலை அப்படித் திருத்திய பின், மாதிரிக் கோப்புகளோடு ஓட்டி உச்சப் பயன்பாட்டைக் குறித்து, அதற்குச் சற்று மேலே 'ஹை' எல்லையையும், இன்னும் தள்ளி 'மேக்ஸ்' எல்லையையும் வைப்பதே பொருத்தம்.