திட்டம், திருத்தம், சதுரங்கம்

திட்டமிட்டு எழுதுவதா, எழுதி எழுதித் திருத்துவதா என்று நமக்குள் நடக்கிற சண்டை, சதுரங்கம் ஆடும் கணினிப் புரோகிராம்களை எழுதியவர்களிடமும் நடந்திருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். புரோகிராமும் ஒரு பிரதிதானே.

முதலில் போட்வின்னிக். 1948இல் உலக சாம்பியனான சோவியத் ஆட்டக்காரர், மின் பொறியாளரும்கூட. மேதை எப்படித் திட்டமிட்டு யோசிக்கிறானோ அப்படியே கணினியும் யோசிக்க வேண்டும் என்று 'பயோனீர்' என்ற புரோகிராமுக்காகப் பல வருஷம் உழைத்தார். கோட்பாடு கச்சிதம். ஆனால் அது எந்தப் போட்டியிலும் இறங்கவேயில்லை. நம்முடைய பல அறிக்கைகளின் கதியும் இதுதான்.

அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்லேட், அட்கின் குழுவினரின் புரோகிராம் 1970, 1971, 1972 மூன்று வருஷமும் கணினிகளுக்கான போட்டியில் ஜெயித்தது. ஆனாலும் கைவைக்க முடியாதபடி சிக்கலாகிப்போன அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, 1973இல் புதிதாக எழுதினார்கள். 'நல்ல' நகர்த்தல்களை மட்டும் பொறுக்கியெடுக்கும் சாமர்த்தியத்தையும் கைவிட்டார்கள். குறிப்பிட்ட ஆழம்வரை எல்லா நகர்த்தல்களையும் பார்க்கவைத்தார்கள். அதுவும் ஜெயித்தது. ஜெயித்த பிரதியைக் கிழித்துப்போட நம்மில் எத்தனை பேருக்குத் துணிச்சல் உண்டு?

அப்படியானால் திருத்தத்தின் பக்கமே சாய்ந்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். 2008இல் தொடங்கிய ஸ்டாக்ஃபிஷ் புரோகிராமில், 2013 முதல், யார் கொண்டுவரும் மாற்றமும் பழைய வடிவத்தோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பார்த்த பிறகே ஏற்கப்படுகிறது. ஒரு பகுதியை நீக்கினாலும் பலம் குறையாது என்று தெரிந்தால் அது போய்விடும். பல வருஷம் கையால் எழுதிச் சேர்த்த மதிப்பீட்டு விதிகள், 2020இல் நரம்பு வலைப்பின்னல் வந்தபின் தேவையற்றுப்போய் 2023இல் நீக்கப்பட்டன. பார்க்க ஜனநாயகம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் சோதனை கேட்பது ஒரே கேள்வி: ஜெயிக்குமா? அந்தக் கேள்வியை எந்தத் திருத்தமும் தொட முடியாது. விரட்டியதாக நாம் நினைத்த திட்டம் அளவுகோலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

சதுரங்கத்தில் வெற்றி எது என்பதில் தகராறு இல்லை. கவிதையிலும் இயக்கத்திலும் தகராறே அதில்தான். 'நடைமுறையில் திருத்திக்கொள்வோம் தோழர்' என்று கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். எதை வைத்துத் திருத்துவது, அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்று கேட்டதில்லை. அடுத்த கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.